மாதவிடாய் தள்ளிப்போவதும் முந்தி வருவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீரியட்ஸ் ஒழுங்காக வராதபோது பெண்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். படித்துவிட்டு உங்களுக்கு நீங்களே ஒரு நோயின் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டாம். "ஹார்மோன் பிரச்சினை" என்ற ஒரே பதிலோடு திரும்பி வராமல், எந்த ஹார்மோன், ஏன் என்று டாக்டரிடம் கேட்க இது உதவ வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தால் ஒழுங்கு?

பெரியவர்களுக்கு 24 முதல் 38 நாளுக்குள் வந்தால் ஒழுங்கு. 28 நாள் என்பது வெறும் சராசரி. ரத்தப்போக்கு 8 நாள் வரை நீடிக்கலாம். ஒரு பீரியட்ஸ் தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்தது தொடங்குகிற நாள் வரை எண்ண வேண்டும். நின்ற நாளிலிருந்து எண்ணுவதுதான் பலரும் செய்கிற தவறு. அப்படி எண்ணினால் 28 நாள் சுழற்சி 23 நாளாகத் தெரியும், வீண் பயம் வரும்.

ஒருவருடைய குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 3, பிப்ரவரி 4, மார்ச் 3, ஏப்ரல் 6. தேதியை மட்டும் பார்த்தால் முன்னும் பின்னுமாகத் தெரிகிறது. எண்ணிப் பார்த்தால் இடைவெளி 32, 27, 34 நாள். மூன்றும் வரம்புக்குள் இருக்கின்றன. நீளமானதற்கும் குட்டையானதற்கும் வித்தியாசம் 7 நாள்தான். இதுவும் ஒழுங்கான சுழற்சிதான். 26 முதல் 41 வயது வரை 7 நாள் வரைக்கும், அதற்கு முன்னும் பின்னும் 9 நாள் வரைக்கும் இந்த வித்தியாசம் இயல்பு.

அதே பெண்ணுக்கு அடுத்தது மே 20-இல் வந்தால் இடைவெளி 44 நாள். ஒரே ஒரு முறை இப்படி ஆனால் பதற வேண்டாம். காய்ச்சல், பயணம், தூக்கமில்லாத சில வாரங்கள் போதும், ஒரு சுழற்சி தள்ளிப்போகும். அதுவே திரும்பத் திரும்ப நடந்தால் காரணம் தேட வேண்டும்.

பீரியட்ஸ் தள்ளிப்போகும்போது உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. அது விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரந்து, அதன் கீழே தொங்குகிற பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. எஃப்எஸ்எச் சினைப்பையில் உள்ள நுண்பைகளை வளர்க்கிறது. ஒவ்வொரு நுண்பைக்குள்ளும் ஒரு கருமுட்டை இருக்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அந்த ஈஸ்ட்ரோஜன்தான் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்கச் செய்கிறது.

ஈஸ்ட்ரோஜன் போதிய அளவு உயர்ந்து சில நாள் நீடித்ததும் எல்எச் திடீரென எகிறும். அதிலிருந்து சுமார் ஒன்றரை நாளில் நுண்பை வெடித்துக் கருமுட்டை வெளியேறும். வெடித்த நுண்பை மஞ்சள் நிறத் திசுவாக மாறி புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். தடித்த சவ்வை நிலைப்படுத்தி, கரு ஒட்டிக்கொள்ளத் தயாராக்குவது புரோஜெஸ்டிரோனின் வேலை. கரு உண்டாகவில்லை என்றால் அந்தத் திசு சுமார் 12 முதல் 14 நாளில் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் சரிந்ததும் சவ்வு உதிரும். அதுதான் பீரியட்ஸ்.

முட்டை வெளியேறிய பிறகான பாதி பெரும்பாலும் மாறுவதில்லை. அதற்கு முந்தைய பாதிதான் நீளும், குறுகும். ஆகவே பீரியட்ஸ் 20 நாள் தள்ளிப்போனது என்றால், பெரும்பாலும் முட்டை வெளியேறுவது தள்ளிப்போயிருக்கிறது, அல்லது வெளியேறவே இல்லை.

முட்டை வெளியேறாவிட்டால் புரோஜெஸ்டிரோனும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வைத் தடித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அது அங்கங்கே திட்டுத்திட்டாக உதிரும். இரண்டு மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டு, வந்தால் பதினைந்து நாள் விடாமல் கொட்டுகிறது என்று பெண்கள் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

"ஹார்மோன் சமநிலை கெட்டுவிட்டது" என்றார்கள். இது ஒரு நோயா?

இல்லை. வயிற்றுவலி என்று சொல்வதைப் போன்றதுதான். பல காரணங்களில் எது வேண்டுமானாலும் அதற்குள் இருக்கலாம். கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, பிசிஓஎஸ் (நுண்பைகள் முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோகிற நிலை), தைராய்டு, தாய்ப்பால் சுரக்க வைக்கிற ப்ரோலாக்டின் ஹார்மோன் உயர்வு, எடை சட்டென்று குறைவது, மிகையான உடற்பயிற்சி, சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துபோவது, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, சாப்பிடுகிற மாத்திரை என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு, ஒன்றுக்கு உதவுவது இன்னொன்றுக்குக் கெடுதலாகவும் முடியலாம். அதனால், "எந்த ஹார்மோன்? கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அதற்குக் காரணம் என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பொறுமையாக விளக்குகிற டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நாள் தள்ளிப்போனால் முதலில் எந்தப் பரிசோதனை?

உடலுறவு இருந்திருந்தால் கர்ப்பப் பரிசோதனைதான் முதலில். நடுவில் கொஞ்சம் ரத்தம் பட்டதால் கர்ப்பமாக இருக்காது என்று முடிவு செய்ய வேண்டாம். கர்ப்பத்தின் தொடக்கத்திலும் ரத்தக்கசிவு வரும். கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கினாலும் வரும், அது ஆபத்தானது.

பிசிஓஎஸ், பிசிஓடி என்கிறார்களே, அது சினைப்பையில் வருகிற கட்டியா?

இரண்டு பெயரையும் பெரும்பாலும் ஒன்றையே குறிக்கத்தான் சொல்கிறார்கள். அது கட்டி இல்லை. 1935-இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவன்தால் என்ற இரண்டு டாக்டர்கள், பீரியட்ஸ் சரியாக வராத 7 பெண்களின் சினைப்பைகள் பெரிதாகி, நிறைய சிறு பைகளோடு இருந்ததை எழுதினார்கள். அப்போதிலிருந்து எல்லாப் பழியும் சினைப்பை மேல் விழுந்துவிட்டது. ஸ்கேனில் தெரிகிற அந்தப் பைகள் வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன நுண்பைகள். அவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை. அவை வெடித்துவிடுமோ, புற்றுநோயாக மாறுமோ என்று பயப்படவும் வேண்டாம்.

ஏன் பாதியில் நிற்கின்றன? பலருக்கு உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்ட கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களை, அதாவது ஆண் ஹார்மோன்களை, அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அதோடு, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிக்கிறது. அதனால் கட்டுப்பாடின்றித் திரிகிற டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது. முகத்தில் முடி, அடங்காத முகப்பரு, தலை உச்சியில் முடி மெலிவது எல்லாம் அதனால்தான். நுண்பைகளும் முழுதாக வளராமல் நின்றுவிடுகின்றன. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்தால், இன்சுலின் கூடியிருப்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால் மனது கஷ்டமாக இருக்கிறது. அது தேய்த்துப் போகிற விஷயமில்லை.

குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், அவர்களில் 70 சதவீதம் பேர் வரை கண்டறியப்படாமலே இருக்கிறார்கள்.

ஸ்கேனில் வந்துவிட்டது. அப்படியென்றால் எனக்கு பிசிஓஎஸ் உறுதியா?

ஸ்கேனை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. 2003 முதல் பின்பற்றப்படும் ராட்டர்டாம் முறைப்படி மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: பீரியட்ஸ் ஒழுங்கில்லாமல் போவது, ஆண்ட்ரோஜன் கூடியிருப்பதற்கான அறிகுறி அல்லது ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேனில் நிறைய நுண்பைகள். அதோடு தைராய்டு, ப்ரோலாக்டின் போன்ற மற்ற காரணங்கள் இல்லை என்று பார்த்திருக்கவும் வேண்டும். முதல் இரண்டும் இருந்தால் பெரியவர்களுக்கு ஸ்கேனே தேவையில்லை என்கிறது 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். ஸ்கேனுக்குப் பதிலாக, நுண்பைகள் சுரக்கிற ஏஎம்எச் என்ற ஹார்மோனின் ரத்தப் பரிசோதனையையும் அது ஏற்கிறது.

பதின்வயதினருக்கு இது இன்னும் முக்கியம். வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகும்வரை ஸ்கேனையோ ஏஎம்எச்சையோ வைத்து பிசிஓஎஸ் என்று சொல்லக் கூடாது. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையிலும் நிறைய நுண்பைகள் இருக்கும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி வந்துவிட்டது என்பதற்காக 15 வயதுப் பெண்ணை நோயாளியாக நடத்துவது எனக்குச் சம்மதமில்லை.

நான் ஒல்லியாக இருக்கிறேன். எனக்கும் பிசிஓஎஸ் வருமா?

வரும். ஆனால் ஒல்லியாக இருக்கிறவர்களிடம் இன்னொன்றையும் கட்டாயம் யோசிக்க வேண்டும். உடம்புக்கு வரவு குறைவாகவும் செலவு அதிகமாகவும் இருந்தால், ஹைப்போதலாமஸ் தன் சமிக்ஞையைக் குறைத்துக்கொள்ளும். பட்டினி, சில மாதங்களில் வேகமாக எடை இறங்குவது, கடுமையான ஓட்டப் பயிற்சி, தீராத மன உளைச்சல் எல்லாமே இதைச் செய்யும். எஃப்எஸ்எச், எல்எச் இறங்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும், பீரியட்ஸ் நின்றுபோகும். இவர்களுக்கும் ஸ்கேனில் நிறைய நுண்பைகள் தெரியலாம். தவறு நடக்கிற இடம் அதுதான். அறிக்கையைப் பார்த்து பிசிஓஎஸ் என்று எழுதி, "உணவைக் குறை, எடையைக் குறை" என்று சொல்லிவிட்டால், ஏற்கெனவே பட்டினி கிடக்கிற உடம்பை இன்னும் பட்டினி போடுகிறோம்.

இவர்களுக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். நன்றாகச் சாப்பிட வேண்டும், பயிற்சியைக் குறைக்க வேண்டும், சாப்பாட்டைப் பற்றிய பயம் இருந்தால் மனநல உதவி பெற வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாதக்கணக்கில் குறைந்திருந்தால் எலும்பு தேயும். 20 வயதில் இழந்த எலும்பு வலுவைப் பிறகு முழுதாக மீட்பது கஷ்டம். ஆகவே பீரியட்ஸ் நிற்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் உங்கள் எடை எப்படி மாறியது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

தைராய்டுக்கும் பீரியட்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

தைராய்டு குறைவாகச் சுரந்தால் பீரியட்ஸ் அதிகமாகப் போகலாம், அடிக்கடி வரலாம், தள்ளியும் போகலாம். அதிகமாகச் சுரந்தால் பெரும்பாலும் குறைவாகவும் இடைவெளி விட்டும் வரும். டிஎஸ்எச் என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். சரியான அளவில் மாத்திரை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சுழற்சி சில மாதங்களில் சீராகும்.

ப்ரோலாக்டின் கூடியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. மூளையில் கட்டியா?

பொறுங்கள். தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் இது. கூடினால் முட்டை வெளியேறுவதை அடக்கும். ஆனால் லேசாகக் கூடுவதற்குச் சாதாரணக் காரணங்களே போதும்: பரிசோதனை மையத்துக்கு அரக்கப்பரக்க ஓடி வந்தது, ஊசியைப் பார்த்துப் பயந்தது, அப்போதுதான் தூங்கி எழுந்தது. அதனால் லேசான உயர்வு என்றால் இன்னொரு நாள், எழுந்து சில மணி நேரம் கழித்து, கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். பல பேருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம், சாப்பிடுகிற மருந்துகளைப் பாருங்கள். வாந்திக்குக் கொடுக்கிற டோம்பெரிடோன், மெட்டோக்ளோபிரமைடு, சில மனநல மருந்துகள் ப்ரோலாக்டினை ஏற்றும். மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள். தைராய்டு குறைவாலும் ஏறும். இவை எதுவும் இல்லாமல் மிக அதிகமாக இருந்தால், அல்லது மார்பில் பால் கசிவு, தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குவது இருந்தால், பிட்யூட்டரியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே கட்டி இருந்தாலும் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கேபர்கோலின் போன்ற மாத்திரையிலேயே அது சுருங்கிவிடும், பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது.

ரத்தப் பரிசோதனைக்கு எந்த நாளில் போக வேண்டும்?

எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ரடயோல் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) மூன்றையும் பீரியட்ஸ் தொடங்கிய 2 முதல் 5 நாளுக்குள் எடுப்பது வழக்கம். பல மாதமாக வரவே இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம், எந்த நாளும் எடுக்கலாம். தைராய்டுக்கும் ப்ரோலாக்டினுக்கும் நாள் கணக்கு இல்லை.

முட்டை வெளியேறியதா என்று அறியப் பார்க்கும் புரோஜெஸ்டிரோனை எல்லோருக்கும் "21-ஆம் நாள்" என்று எழுதிவிடுகிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்குத்தான் பொருந்தும். அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு எடுப்பதுதான் கணக்கு. 35 நாள் சுழற்சி உள்ளவர் 21-ஆம் நாள் எடுத்தால் முட்டை அப்போதுதான் வெளியேறியிருக்கும், அறிக்கை வீணாகப் பயமுறுத்தும்.

இரண்டு எச்சரிக்கைகள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஹார்மோன் அளவு பார்த்தால் மாத்திரையின் விளைவுதான் தெரியும். டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டுமானால் மாத்திரையை நிறுத்தி 3 மாதமாவது ஆக வேண்டும், அதுவரை வேறு கருத்தடை முறை வேண்டும். முடி வளரச் சாப்பிடுகிற பயோட்டின் மாத்திரை தைராய்டு உட்பட பல ஹார்மோன் முடிவுகளைப் பொய்யாக்கும். அதை எடுப்பதாக முன்கூட்டியே சொன்னால், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று சொல்வார்கள்.

மாத்திரை போட்டால் வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது. குணமாகிறதா இல்லையா?

நிறையப் பெண்கள் வருடக்கணக்கில் இந்த வட்டத்தில் சிக்கியிருக்கிறார்கள். இரண்டு வகை மாத்திரையைப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வகை, சில நாள் மட்டும் எடுத்து நிறுத்துகிற புரோஜெஸ்டோஜன் (புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்கிற மருந்து) மாத்திரை. நிறுத்திய சில நாளில் ரத்தப்போக்கு வரும். அதுவரை சேர்ந்திருந்த சவ்வை அது உதிர்க்கிறது, அவ்வளவுதான். முட்டை ஏன் வெளியேறவில்லை என்ற காரணத்தை அது தொடுவதில்லை. இரண்டாவது வகை, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் கலந்த கருத்தடை மாத்திரை. மாதாமாதம் தேதி தவறாமல் வரும். அதுவும் மாத்திரையை நிறுத்துகிற இடைவெளியில் வருகிற ரத்தப்போக்குதான். சொந்தச் சுழற்சி திரும்பிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காக இவை பயனில்லாதவை என்று சொல்லவில்லை. முட்டை வெளியேறாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஆண்டுக்கணக்கில் சவ்வைத் தடிக்க வைத்தால், சவ்வு மிகையாக வளர்ந்து, பிற்காலத்தில் கர்ப்பப்பைச் சவ்வுப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் சவ்வைப் பாதுகாப்பதுதான் மாத்திரையின் முக்கிய வேலை. கலப்பு மாத்திரை முகப்பருவையும் வேண்டாத முடியையும் குறைக்கும். அதைக் காரணம் தெரிந்து எடுங்கள். ரத்தம் உறைந்த வரலாறு, கண்முன் மின்னல்போல் தெரிந்து வருகிற ஒற்றைத் தலைவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் ஆகியவை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. பழைய சீட்டைக் காட்டியோ தோழி சொன்னார் என்றோ வாங்கிப் போடாதீர்கள்.

பீரியட்ஸ் வராவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிவிடுமா?

தேங்காது. கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு: வயதுக்கு வரும் பருவத்தில் ரத்தம் வெளிவராமல், மாதாமாதம் அடிவயிற்று வலி மட்டும் கூடிக்கொண்டே போனால், பிறவியிலேயே வெளிவழி அடைபட்டிருக்கலாம். அது நிஜமான தேக்கம், உடனே காட்ட வேண்டும்.

எடையைக் குறைத்தால் சரியாகிவிடுமா?

எடை கூடுதலாக இருந்து பிசிஓஎஸ்ஸும் இருந்தால், மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியேறத் தொடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 முதல் 8 கிலோ. 55 கிலோவுக்கு வந்தே தீர வேண்டும் என்று யாரும் கெடு வைக்க வேண்டியதில்லை. எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சி இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைக்கும், அந்தப் பலன் தனி. தேவைப்பட்டால் மெட்ஃபார்மின் மாத்திரையும் தருவார்கள்.

பிசிஓஎஸ்ஸே எடையைக் கூட்டவும் செய்கிறது என்பதைச் சுற்றியிருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும்" என்று சொல்வது மருந்தாகாது, அந்தப் பெண்ணை இன்னும் நொறுக்கும். பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுகின்றன. அதையும் கேட்டறிந்து சிகிச்சை தர வேண்டும் என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

எனக்குக் குழந்தை பிறக்குமா?

பெரும்பாலானவர்களுக்குப் பிறக்கும். காரணம் தைராய்டு அல்லது ப்ரோலாக்டின் என்றால் அதைச் சரிசெய்தாலே பல நேரம் முட்டை வெளியேறத் தொடங்கும். பிசிஓஎஸ் என்றால் முட்டையை வளர்த்து வெளியேற்ற லெட்ரோசோல் என்ற மாத்திரைதான் இப்போது முதல் தேர்வு. அதையும் ஸ்கேன் கண்காணிப்போடு எடுக்க வேண்டும். வழக்கமாக ஒரு வருடம் முயன்ற பிறகு, 35 வயதுக்கு மேல் என்றால் 6 மாதத்துக்குப் பிறகு டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். சுழற்சி ஒழுங்கில்லை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீரியட்ஸ் ஒழுங்கில்லை என்பது கருத்தடை ஆகாது. எந்த மாதம் முட்டை வெளியேறும் என்று தெரியாததால், நாள் எண்ணி விலகியிருக்கிற முறை உங்களுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. பீரியட்ஸ் நாளைக் கணிக்கிற செயலிகளும் பழைய இடைவெளிகளை வைத்துத்தான் முட்டை வெளியேறும் நாளைக் கணிக்கின்றன. தேதியைக் குறித்துவைக்க அவை நல்லவை, கருத்தடைக்கு நம்ப வேண்டாம்.

கருத்தடை ஊசிக்குப் பிறகு பீரியட்ஸே வரவில்லை. உடம்பு கெட்டுவிட்டதா?

இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியில் இது எதிர்பார்த்ததுதான். நிறுத்திய பிறகு சுழற்சி திரும்பச் சில மாதம் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். அவசரக் கருத்தடை மாத்திரை எடுத்த மாதத்தில் முந்தியோ பிந்தியோ வருவதும் சாதாரணம். எதிர்பார்த்த நாளைத் தாண்டி ஒரு வாரம் ஆனால் கர்ப்பப் பரிசோதனை செய்துபாருங்கள்.

மகள் வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் ஒழுங்கில்லை. கவலைப்பட வேண்டுமா?

முதல் வருடம் எப்படி வேண்டுமானாலும் வரலாம். மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஒழுங்கு அமையக் காலம் பிடிக்கும். ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் 21 முதல் 45 நாள் வரை இயல்பு. மூன்று வருடத்துக்குப் பிறகும் 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ இருந்தால் காட்டுங்கள். முதல் வருடம் கடந்த பிறகு எந்த ஓர் இடைவெளியும் 90 நாளைத் தாண்டக் கூடாது. 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை, அல்லது மார்பு வளரத் தொடங்கி 3 வருடம் ஆகியும் வரவில்லை என்றாலும் பார்க்க வேண்டும்.

தொடக்கத்திலிருந்தே அதிகமாகப் போகிறதா என்பதையும் கவனியுங்கள். பெண்பிள்ளைகள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். அடிக்கடி நாப்கின் மாற்றுகிறாளா, இரவில் கறை படுகிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, முகம் வெளுத்திருக்கிறதா என்று அக்கறையாகக் கேளுங்கள். ரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு இருப்பது சில பெண்களுக்கு முதன்முதலில் இப்படித்தான் தெரியவருகிறது.

எனக்கு 38 வயது. நாலு மாதமாக வரவில்லை, திடீர் திடீரென உடம்பு கொதித்து வியர்க்கிறது. இவ்வளவு சீக்கிரமா?

40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துபோவது நூறில் ஒருவருக்காவது நடக்கிறது. எஃப்எஸ்எச் உயர்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். "வயதாகிறது, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் பல ஆண்டுகள் முன்னதாகவே நின்றால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். அதனால், தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்க வேண்டிய வயது வரை ஹார்மோன் கொடுப்பதுதான் முறை. இதற்குப் பிறகும் எப்போதாவது முட்டை வெளியேறிக் கர்ப்பம் தரிப்பது உண்டு.

45 வயதுக்கு மேல் சுழற்சி குலைவது பெரும்பாலும் இயல்பான மாற்றம். 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால் முழுதாக நின்றது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் "திரும்ப வந்துவிட்டது" என்று நினைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அது புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம், தொடக்கத்தில் பிடித்தால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஹார்மோனைச் சமன்படுத்தும் என்று விற்கிற பொடி, மாத்திரைகள் பலன் தருமா?

எந்த ஹார்மோனை, எவ்வளவு மாற்றும் என்று சொல்லாத ஒன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தைராய்டோ கர்ப்பமோ கண்ணில் படாமல் போகும். அந்தத் தாமதம்தான் பெரிய நஷ்டம்.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேலும் அப்படியே தொடர்ந்தால். ரத்தப்போக்கோடு தலைசுற்றல், மயக்கம், படபடப்பு வந்தால். கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியோ தோள்பட்டை வலியோ வந்தால். இவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலைமைகள், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.

அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்பவை: உடலுறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் ரத்தம், 3 மாதமாக வராமல் இருப்பது, சில மாதங்களுக்குள் முகத்திலும் உடம்பிலும் வேகமாக முடி வளர்ந்து குரலும் கரகரப்பாவது. கடைசியாகச் சொன்னது அரிதுதான், ஆனால் ஆண்ட்ரோஜன் சுரக்கிற கட்டியா என்று பார்த்தே ஆக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

கடைசி ஆறு பீரியட்ஸ் தொடங்கிய தேதி, எத்தனை நாள் நீடித்தது, அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் பெயர், ஒரு வருடத்தில் எடை மாறிய விதம். பழைய அறிக்கை இருந்தால் ரத்தம் எடுத்தது எத்தனையாவது நாள் என்று அதன் மேலேயே எழுதிவையுங்கள். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய், அதன்பின் பால் சுரக்காமல் பீரியட்ஸும் திரும்பாமல் இருந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிட்யூட்டரி பாதிக்கப்பட்டிருக்கலாம். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்த பிறகு பீரியட்ஸ் குறைந்துபோயிருந்தாலும் சொல்லுங்கள். உள்சவ்வு ஒட்டிக்கொண்டிருந்தால் ஹார்மோன் எல்லாம் சரியாக இருந்தும் ரத்தப்போக்கு வராது.

உடலுறவு அனுபவம் இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எப்படி எடுப்பார்கள்?

வயிற்றின் மேல் வைத்துத்தான் எடுப்பார்கள். நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் படம் தெளிவாக வரும், அதனால் போவதற்கு முன் சிறுநீர் கழிக்காமல் போங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கிற ஸ்கேன் உங்கள் சம்மதம் இல்லாமல் நடக்காது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், வேறு வழி கேட்கலாம். கூட ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.